முன்னுரிமை என்றொரு சொல்

ஒரு வாக்கியத்தை வாசிப்போம்: 'உள்ளூர் இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பில் முன்னுரிமை வழங்கப்படும்.' தொழிற்சாலையோ துறைமுகமோ வரவிருக்கும் ஊர்களில் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் ஒலிக்கும் வாக்கியம் இது. கவிதையில் ஒரு சொல் பிசகினால் பக்கம் பக்கமாக விவாதிக்கும் நாம், இதை மட்டும் கூர்ந்து வாசித்ததே இல்லை. வழங்குபவர் யார் என்பது செயப்பாட்டுவினைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. எத்தனை பேருக்கு, எந்தப் பணியில், எவ்வளவு காலத்துக்கு என்பது எங்குமே இல்லை. மீறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அதன் இலக்கணத்திலேயே இடமில்லை.

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்கள் இத்தகைய வாக்கியங்களைக் கேட்டே இரண்டு தலைமுறைகளைக் கழித்துவிட்டன. ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971இல் முதல் ராக்கெட் கிளம்பியது. அதற்காகத் தீவின் குடிகள் வெளியேறவேண்டியிருந்தது. தெற்கே, 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறிய காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021இலும் 2023இலும் தள்ளிவைக்கப்பட்டது. துறைமுகத்தில் நிரந்தர வேலை வேண்டும் என்று மீனவர்கள் போராடியதையும் நாம் செய்தித்தாளில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறோம்.

இதற்கிடையே குப்பங்களிலிருந்து பட்டதாரிகள் வந்துவிட்டார்கள். பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது. வீட்டின் முதல் பட்டதாரியைப் படிக்கவைத்தது ஏரியின் இறாலும் நண்டும்தான். பட்டம் பெற்றவரை வேலைக்கு எடுப்பதற்கென்று விதிகள் உண்டா? உண்டு, சிலருக்கு மட்டும். வேலை தருவதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்கிய 31 நிறுவனங்களை ஐஐடிகள் 2016இல் விலக்கிவைத்தன. அதே ஆண்டு, பணியில் சேரும் நாளை ஃபிளிப்கார்ட் தள்ளிப்போட்டபோது அகமதாபாத் ஐஐஎம் வெளிப்படையாகக் கண்டித்தது. அந்த மாணவர்களுக்காகப் பேச ஓர் அமைப்பு இருந்தது. அது பேசியபோது நிறுவனங்களுக்கும் காது கேட்டது.

பொன்னேரியில் படித்த குப்பத்துப் பெண்ணுக்காகப் பேசுவது யார்? அவள் கல்லூரிக்குப் பெருநிறுவனம் தேடி வருவதில்லை. ஆனால் அவள் ஊருக்கு வந்திருக்கிறது. நிலத்துக்கும் நீருக்கும் வந்திருக்கிறது. வளாகத்தில் ஆளெடுப்பவர் தாம் பெறப்போகும் உழைப்புக்குச் சம்பளம் பேசுகிறார். ஏரிக்கரையிலோ, முன்பே பெற்றுக்கொண்டதற்கு ஈடாக வேலை பேசப்படுகிறது. அப்படியானால் விதிகள் இங்கேதான் கடுமையாக இருக்கவேண்டும். நடப்பு நேர்மாறானது. ஒப்பந்தக்காரர் வழியாக வரும் வேலைக்குப் பட்டமும் பொருட்டில்லை, நிரந்தரமும் இல்லை.

சட்டமும் வெகுதூரம் போகவில்லை. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்றது 1959ஆம் ஆண்டுச் சட்டம்; அங்கிருந்துதான் ஆளெடுக்கவேண்டும் என்று அது சொல்லவில்லை. தெரிவித்தால் போதும், தேர்ந்தெடுக்கவேண்டாம். முன்னுரிமை என்ற சொல்லின் வெறுமைக்கு இதைவிடச் சிறந்த உரை வேண்டியதில்லை.

விதி என்றால் என்னவென்று அந்த ஏரியிடமே கேட்கலாம். பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்தத் தலைக்கட்டு, எந்த நாளில், எந்த இடத்தில் வலையிடலாம் என்பதை ஊர் கூடி முறைவைத்துத் தீர்மானிப்பார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. இன்று உனக்கு, நாளை எனக்கு. இதைப் பொற்காலமாகப் பாடிவைக்க நாம் தயாரில்லை. அது ஒரு சாதியின் ஆண்களுக்கான ஒழுங்கு. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளப் பெண்களுக்கு அதில் இடமில்லை. ஆனாலும் அதில் ஆள் உண்டு, நாள் உண்டு, இடம் உண்டு. மீறினால் கேட்க ஊர் உண்டு. பள்ளிக்கூடம் போகாத முன்னோர் வகுத்ததில் இருக்கும் துல்லியம், மேலாண்மை படித்தவர்கள் எழுதும் வாக்குறுதியில் இல்லாமல் போனது தற்செயல் என்று நாம் நம்பவில்லை.

'திறன் போதவில்லை' என்பது வழக்கமான மறுமொழி. எந்தத் திறன்? முகத்துவாரம் எப்போது தூர்ந்துபோகும், நீரின் உவர்ப்பு எப்போது மாறும் என்பதை வீட்டிலேயே கற்று, பிறகு மீன்வளமும் விலங்கியலும் படித்தவருக்குச் சூழல் கண்காணிப்புப் பணியில் இடமில்லை. ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளத் தெரிந்தவருக்கு உண்டு என்றால், அங்கே அளக்கப்படுவது திறன் அன்று. மெய்யாகவே பயிற்சி போதவில்லையெனில், அதைத் தரவேண்டிய கடமை ஏரியால் பயன்பெற்றவருடையது.

எனவே நாம் கேட்பது அருளை அன்று, விதியை. காலியிடங்களின் எண்ணிக்கையும் தகுதியும் சம்பளமும் தமிழில் எழுதப்பட்டுக் குப்பங்களிலும் பொன்னேரிக் கல்லூரிகளிலும் ஒட்டப்படவேண்டும். ஆங்கிலம் தேவைப்படாத பணிக்கு நேர்காணல் தமிழில் நடக்கட்டும். படிப்புக்கேற்ற பணி, பெண்களுக்கும் இருளர்க்கும் உரிய பங்குடன், நிறுவனத்தின் பெயரிலேயே தரப்படவேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அந்தக் கடிதத்தில் ஒப்பந்தக்காரரின் பெயர் இருந்து பயனில்லை. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இன்னும் பணியில் இருக்கிறார்கள் என்ற கணக்கு ஆண்டுதோறும் ஊர்முன் படிக்கப்படவேண்டும். இவை நிறுவனத்தின் நற்பண்பாக இருந்தால் போதாது. அனுமதியின் நிபந்தனைகளாக வேண்டும்.

இவ்வளவும் நிறைவேறினாலும் வேலை என்பது ஏரிக்கு விலையாகிவிடாது. ஏரியை விற்றுத்தான் பட்டதாரி பிழைக்கவேண்டும் என்பதை நாம் ஒப்பவில்லை. ஆனால் ஏற்கெனவே எடுத்துக்கொண்டதற்குப் பதிலாக வெறும் சொல்லைத் தந்துவிட்டுப் போவதைச் சொல்லை நேசிப்பவர்களேனும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த முறை 'முன்னுரிமை' என்று யாரேனும் எழுதிக்கொண்டு வந்தால், எழுவாய் எங்கே என்று முதலில் கேட்போம்.