தாம்பரத்தில் ஒரு ஹாம் ரேடியோ புத்தகம் கிடைக்குமா?

கிடைக்காது. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஆரம்பித்து குரோம்பேட்டை, பல்லாவரம் வரை நான் நுழைந்த புத்தகக் கடைகளில் டி.என்.பி.எஸ்.சி. கைடு உண்டு, நீட் உண்டு, ரயில்வே தேர்வு உண்டு, சமையல், ஜோதிடம், வாஸ்து எல்லாம் உண்டு. ஹாம் ரேடியோ என்றால், "எஃப்.எம். ரேடியோவா சார்?" என்கிறார்கள். கடைப் பையன்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் சண்டை என் சக ஹாம்களோடும், புத்தகம் போடும் சங்கங்களோடும்தான். வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன், இன்று எழுதியே விடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மத்திய அரசு நடத்தும் தேர்வை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே டிரான்ஸ்மிட்டர் வைத்துக்கொண்டு உலகத்தோடு பேசுவதுதான் ஹாம் ரேடியோ. 12 வயது ஆனாலே தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கோடு கூட வேண்டாம். கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் சட்டதிட்டம், அவ்வளவுதான். சென்னைக்காரர்களுக்குத் தேர்வு நடத்தும் வயர்லெஸ் கண்காணிப்பு நிலையம் இருப்பது நம் பெருங்குடியில். ஹாம்களுக்காகவே 2005 மே 5-ம் தேதி இஸ்ரோ ஹாம்சாட் என்று ஒரு செயற்கைக்கோளை விட்டது. விண்வெளி வரை போன விஷயம், சண்முகம் சாலைக்கு மட்டும் வந்து சேரவில்லை.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே, "அதான் ஆன்லைனில் எல்லாம் கிடைக்கிறதே" என்கிறார்கள். என்ன கிடைக்கிறது? அமெரிக்க சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். போடும் ஹேண்ட்புக் கிடைக்கிறது. 1926-ல் முதல் பதிப்பு வந்த அருமையான புத்தகம், சந்தேகமே இல்லை. ஆனால் விலை பள்ளிக்கூடப் பையன் வாங்குகிற விலையா? இறக்குமதிப் புத்தகங்களுக்கு 2019 பட்ஜெட்டில் 5 சதவீத சுங்க வரியும் போட்டார்கள். தேர்வுக் கையேடு என்று வருவதும் பெரும்பாலும் அமெரிக்கத் தேர்வுக்கானது. அந்த ஊர்ச் சட்டத்தைப் படித்துவிட்டு இங்கே 1978-ம் வருட அமெச்சூர் சர்வீஸ் விதிகளில் கேட்கும் கேள்விக்கு என்ன எழுதுவது?

எங்கள் தெருப் பையன் ஒருவன் ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் பணம் கட்டினான். வந்தது பழைய பதிப்பின் ஜெராக்ஸ். சர்க்யூட் படங்களில் ரெசிஸ்டர் எது, காயில் எது என்று எனக்கே தெரியவில்லை. அதோடு அவன் ஆர்வம் போயிற்று.

அதைவிடப் பெரிய குறை வேறு. ஆன்லைனில் தேடுவதற்கு முதலில் அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டும். வாட்ஸப் குரூப்பில் பி.டி.எஃப். அனுப்புகிறோமே என்கிறார்கள். அந்தக் குரூப்பில் இருப்பவர்கள் யார்? ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்கள். புத்தகம் விற்பதும் சங்கக் கூட்டத்திலும் ஹாம் மாநாட்டிலும்தான். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை.

எங்கள் தலைமுறை இதற்குள் வந்தது தற்செயலாகத்தான். 1985-ல் எரிந்து போவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் எதையோ தேடப்போய், பழைய ரேடியோ புத்தகம் காலில் இடறியிருக்கும். ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ பத்திரிகையைப் புரட்டியிருப்போம். ரிச்சி தெருவில் வால்வு வாங்கப் போன இடத்தில் ஒருவர் பேச்சுக் கொடுத்திருப்பார். அமெரிக்காவிலும் அப்படித்தான். ரேடியோ ஷாக் என்ற சங்கிலிக் கடையில் பேட்டரி வாங்கப் போன பையன் கண்ணில், பக்கத்து அலமாரியில் இருந்த லைசென்ஸ் கையேடு பட்டது. கண்ணில் பட வைப்பதுதான் கடை. கம்ப்யூட்டர் நீங்கள் கேட்டதைத்தான் காட்டும். கேட்கத் தெரியாதவனுக்குக் கடைதான் கதி.

"கடைக்காரருக்கு 35, 40 சதவீதம் கழிவு கொடுத்தால் நமக்குக் கட்டாது" என்கிறார் ஒரு சங்கப் பிரமுகர். ஏன் கட்டாது? கெட்டி அட்டையும் வழவழ தாளும் வேண்டாம். நம் தேர்வுக்கு மட்டும், தமிழில், 100 பக்கத்தில் ஒரு புத்தகம். விலை 150 ரூபாய் வைத்தால், 40 சதவீதக் கழிவு 60 ரூபாய் போக 90 கையில் நிற்கும். அதில் அச்சுச் செலவு போய் மிஞ்சுவது கொஞ்சம்தான் என்றாலும், லாபத்துக்காகவா சங்கம் வைத்திருக்கிறோம்? அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2024 டிசம்பரில் பழைய நூல் அஞ்சலை நிறுத்தினார்கள், நானும் திட்டினேன். ஆனால் 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. பாடப் புத்தகம் அதில் மலிவாகப் போகும். செங்கல்பட்டுக் கடைக்கு ஐந்து பிரதி அனுப்ப அது போதாதா?

கடைக்காரர்கள் தயாராகத்தான் இருக்கிறார்கள். தாம்பரத்தில் ஒருவர் என்னிடமே சொன்னார்: "கொண்டு வந்து குடுங்க சார், டி.என்.பி.எஸ்.சி. கைடு பக்கத்துல வெக்கிறேன். வித்தா காசு, விக்கலைன்னா எடுத்துட்டுப் போங்க." இதைவிட என்ன வேண்டும்? கொடுக்கத்தான் என் கையில் புத்தகம் இல்லை.

இது கிழவர்களின் பொழுதுபோக்கு, இதற்கு ஏன் இவ்வளவு கூச்சல் என்று கேட்பவர்களுக்கு 2015 டிசம்பரை ஞாபகப்படுத்துகிறேன். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீருக்குள். செல்போன் செத்துப் போய், பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் வெளியூரில் பிள்ளைகள் தவித்தார்கள். 2004 சுனாமியில் அந்தமான் துண்டாகி நின்றபோது, போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் குழுவினரின் ஹாம் நிலையம்தான் சேதி சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் வேறு வேலையாகத் தற்செயலாக அங்கே போயிருந்தவர்கள். முடிச்சூருக்கு அப்படி யாரும் தற்செயலாக வரமாட்டார்கள். அந்தத் தெருவிலேயே ஒருவர் வளர்ந்திருக்க வேண்டும்.

என் தலைமுறை ஹாம்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய ஆன்டெனாவை வீட்டார் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போடுகிறார்கள். சங்கத்து நண்பர்களே, அடுத்த மாநாட்டுக்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் வாங்க வைத்திருக்கும் பணத்தில் 500 பிரதி அடியுங்கள். சண்முகம் சாலைக்கு முதல் பத்துப் பிரதியை நானே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன்.