பதினேழு பேருக்கு ஒரு கல் கூடவா கிடையாது?



இறந்தவரை மதித்து அனுப்புகிற பழக்கம் நம்ம பொருநைக் கரைக்கு நேற்று வந்ததில்லை. சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடந்த நெல்லைப் பரிசோதித்தார்கள், கி.மு. 1155 என்று முடிவு வந்தது. செத்தவருக்கும் சோறு வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, நெல்லோடு அனுப்பியிருக்கிறார்கள். ஆதிச்சநல்லூரில் பொன் நெற்றிப்பட்டமே வைத்துப் புதைத்திருக்கிறார்கள். இப்போது அந்தக் குழிகளுக்கு மேலே கண்ணாடி போட்டு அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.

ஆனா அதே ஆற்றில் 1999 ஜூலை 23 அன்று செத்தவர்களுக்கு என்ன வைத்திருக்கிறோம்?

மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலம் அது. கூலி உயர்வு வேண்டும், சிறையில் இருக்கும் தொழிலாளர்களை விட வேண்டும் என்று கலெக்டரிடம் மனு கொடுக்க வந்தார்கள். கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி. ஒரு பக்கம் லத்தி, மறு பக்கம் தாமிரபரணி. ஆற்றுக்குள் ஓடியவர்களில் பலர் கரையேறவில்லை. 17 உயிர் போனது. அதில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. நீதிபதி மோகன் ஆணையம் வந்தது, அறிக்கையும் வந்தது. அதில் போலீஸ் மேல் பழி விழவில்லை.

ஆண்டுதோறும் அந்த நாளில் எல்லாக் கட்சிகளும் ஆற்றங்கரைக்கு வருகின்றன. ஒவ்வொரு கட்சிக்கும் போலீஸ் நேரம் ஒதுக்கும். மாலை, மலர் தூவல், கோஷம், போட்டோ. அடுத்த கட்சி வருவதற்குள் பூ தண்ணியோட போயிரும். மறுநாள் அந்தக் கரையில் நடக்கிற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு, இங்கே என்ன நடந்தது என்று சொல்ல அரசு நட்ட ஒரு கல் கிடையாது. கால் நூற்றாண்டு தாண்டிருச்சு!

"நினைவுச்சின்னம் வைத்தால் பதற்றம் வரும்" என்று சிலர் சொல்வார்கள். 1968-ல் 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியில் நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பர் 25-லும் ஆயிரக்கணக்கில் மக்கள் கூடுகிறார்கள். அதனால் நாகப்பட்டினம் பற்றி எரிந்துவிட்டதா? ஜாலியன்வாலாபாக் சுவரில் குண்டு துளைத்த தடத்தைக்கூட அழிக்காமல் வைத்திருக்கிறோமே, அது எதற்கு?

இன்னொன்றும் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் பேசவே மாட்டேங்கிறாங்க. 1929-ல் தொடங்கிய 99 ஆண்டு குத்தகை 2028-ல் முடிகிறது. கம்பெனி அதற்கு முன்பே, 2024-லேயே கடையைக் கட்டிவிட்டது. டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்று போன வழக்கும் அந்த டிசம்பரில் தள்ளுபடி. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று நான்கு தலைமுறையாக உழைத்தவர்கள் மலையை விட்டு இறங்குகிறார்கள். அவர்களுடைய தாத்தா பாட்டிமார் மேலேதான் புதைந்து கிடக்கிறார்கள். வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றலாம், கல்லறையை எப்படி ஏற்றுவது?

காடு காடாகத் திரும்பட்டும், புலி வாழட்டும், அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றவும், ஆடி அமாவாசைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றவும், மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் கைகட்டி நிற்க வைக்காதீர்கள். அந்த இடங்களை அளந்து, எல்லைக்கல் போட்டு, வாரிசுகளுக்கு நிரந்தர அனுமதிச் சீட்டு கொடுப்பது வனத்துறைக்குப் பெரிய வேலையா? டூரிஸ்ட் வண்டியை மேலே அனுப்பத் தெரிந்த துறைதானே!

(ஆடி அமாவாசை என்றதும் நம்ம ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. பாபநாசத்தில் திதி கொடுத்துவிட்டுத் துணியை ஆற்றிலேயே விட்டுட்டு வராதீங்க. அதே தண்ணியைத்தான் நாம குடிக்கிறோம்.)

நாம் மணிமண்டபம் கேட்கவில்லை, கோடிக்கணக்கில் பணமும் கேட்கவில்லை. கொக்கிரகுளம் கரையில் ஒரு தூண். அதில் 17 பெயர், ஒவ்வொருவரின் வயது, 23.07.1999 என்ற தேதி. எந்தக் கட்சிக் கொடியும் வேண்டாம், நம்ம கொடி உட்பட.

வரும் ஜூலை 23-க்கு ஆற்றுக்கு வருகிற தோழர்கள் மாலையோடு கலெக்டருக்கு ஒரு மனுவும் எழுதிக் கொண்டு வாருங்கள். மலையில் உங்கள் முன்னோர் கல்லறை இருந்தால், எந்த எஸ்டேட், எந்த இடம் என்று அதில் மறக்காமல் எழுதுங்கள்.

#மாஞ்சோலை #தாமிரபரணி #ஜூலை23