வோர்ட்டுக்குப் பெரிய பம்பு வேண்டியதில்லை

அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் காய்ச்சிக்கொள்ள மத்திய அரசின் சட்டம் வழிவிட்டது 1978-ல், ஜிம்மி கார்ட்டர் அதிபராக இருந்தபோது. அங்கே வீட்டில் ஒரு முறை காய்ச்சும் அளவு பெரும்பாலும் 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர். மால்ட்டிலிருந்து இறக்கிய வோர்ட் என்ற இனிப்புச் சாறு கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது, அந்தப் பானையைக் கையால் தூக்குவது ஆபத்து. ஆகவே பம்பு அவசியம்தான். ஆனால் புதிதாக வருபவருக்குக் கிடைக்கும் அறிவுரை தவறானது: “முடிந்தவரை பெரிய பம்பு வாங்கு, தானாக உறிஞ்சுவதாகப் பார், தலைப்பகுதி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.” இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, பெரிய பம்பு. பரவலாகப் பயன்படும் மார்ச் 809 பம்பின் திறன் வெறும் 1/25 குதிரைத்திறன். உயரத் தடை ஏதுமில்லாதபோது அது நிமிடத்துக்குச் சுமார் 26 லிட்டர் தள்ளும். குழாயும் வால்வும் உயரமும் சேர்ந்து அதைக் கால் பங்காகக் குறைத்தாலும் 19 லிட்டர் மூன்றே நிமிடத்தில் இடம் மாறிவிடும். அதற்கு மேல் வேகம் எதற்கு? ஊறும் மால்ட்டின் வழியே சாற்றைச் சுழற்றும்போது வேகம் கெடுதலே செய்யும். தானியப் படுகை அமுங்கி இறுகி, சாறு இறங்காமல் அடைத்துக்கொள்ளும். நூறு லிட்டர் காய்ச்சுபவருக்கும், நீண்ட குழாய் இழுப்பவருக்கும் பெரிய பம்பு பயன்படலாம். எல்லோருக்கும் அதையே சொல்வது சரியல்ல.

இரண்டாவது, தானாக உறிஞ்சும் பம்பை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற நம்பிக்கை. கிணற்றின் குளிர்ந்த நீரை மேலிருக்கும் மோட்டார் இழுப்பதுபோலக் கொதிக்கும் சாற்றை இழுக்க முடியாது. உறிஞ்சுதல் என்பது வெளிக்காற்றின் அழுத்தம் திரவத்தைத் தள்ளுவதுதான். 20 டிகிரி செல்சியஸில் நீரின் ஆவியழுத்தம் மிகச் சிறியது. 70 டிகிரியில் அது காற்றழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 100 டிகிரியில் இரண்டும் சமம். அந்த நிலையில் உறிஞ்சுகுழாயில் அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் சாறு அங்கேயே ஆவியாகும். பம்பு கரகரவென்று இரையும், ஓட்டம் நின்றுபோகும். எந்த விலையுயர்ந்த பம்பும் இந்த விதிக்கு விலக்கல்ல. பானைக்குக் கீழே பம்பை வைத்து, சாறு தன் எடையாலேயே உள்ளே இறங்கும்படி செய்வதே தீர்வு. வேகத்தைக் குறைக்கும் வால்வையும் வெளியேறும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். உள்ளே வரும் பக்கத்தில் திருகினால் அழுத்தம் மேலும் குறைந்து அதே தொல்லை வரும்.

மூன்றாவது, ஸ்டெயின்லெஸ் தலைப்பகுதி. அதில் மரை எளிதில் தேயாது, அடிபட்டாலும் உடையாது. அந்த நன்மை உண்மை. ஆனால் உணவுத் தரமுள்ள பாலிசல்ஃபோன் பிளாஸ்டிக் தலையும் கொதிநிலையைத் தாங்கும். மார்ச் 809-ன் வெப்ப வரம்பு 121 டிகிரி செல்சியஸ். உண்மையில் முதலில் தோற்பது குழாய். சாதாரண பிவிசி 60 டிகிரிக்கு மேல் தளர்ந்துவிடும். ஸ்டெயின்லெஸுக்குச் செலவிடும் பணத்தின் ஒரு பகுதியைச் சிலிகான் குழாய்க்குக் கொடுப்பதே பாதுகாப்பு.

எனவே கடையில் குதிரைத்திறனைக் கேட்காதீர்கள். கொதிக்கும் திரவத்தைத் தொடர்ந்து தாங்குமா, சாறு படும் பாகங்கள் உணவுக்கு ஏற்றவையா, காந்த விசையால் இயங்குவதா என்று கேளுங்கள். காந்த இயக்கப் பம்பில் மோட்டார் தண்டு சாற்றுக்குள் நுழைவதில்லை. தேய்ந்து கசியும் சீல் அதில் கிடையாது. வெளிவழி வால்வைச் சற்று நேரம் மூடினாலும் அது தாங்கும். இந்த மூன்றுக்கும் ஆம் என்று பதில் சொல்லும் சிறிய பம்பு, 19 லிட்டர் காய்ச்சுபவருக்குப் போதும்.