'அழித்துவிடு' என்று சொல்லாதீர்கள்

இந்தப் பருவத்துக்கான வகுப்புகள் முடிந்துவிட்டன. 'சமூக ஊடகம்' என்ற தாளை எங்கள் கல்லூரியில் இரண்டு ஆசிரியர்கள் பங்கிட்டு நடத்தினோம். பதிவுக்குத் தலைப்பு வைப்பது, எந்த நேரத்தில் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்பது, விளம்பரம் பிடிப்பது, பின்தொடர்வோரைக் கணக்கிடுவது என்று ஐந்து அலகுகள். வேலை தேடும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால், ஐந்து அலகுகளிலும் சாதி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் சாதியைத் தொடாமல் சமூக ஊடகத்தைப் பாடமாக நடத்த முடியும் என்று இதை எழுதியவர்கள் எப்படி நம்பினார்களோ தெரியவில்லை.

ஒரு நாள் மாணவர்களை, தங்கள் போனில் முதலில் வரும் இருபது ரீல்ஸைப் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னோம். ஒரே டவுன் பஸ்ஸில் வந்து ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். ஒருவர் போனில் ஆண்ட பரம்பரைப் பெருமை, அரிவாளோடு நடந்துவரும் காட்சி, பின்னணியில் சாதிப் பெயர் சொல்லும் பாட்டு. அடுத்தவர் போனில் அம்பேத்கர் படங்கள், பறையிசை, நடுவே கால்பந்து. கணக்குத் தொடங்கும்போது இன்ஸ்டாகிராம் யாரிடமும் சாதிச் சான்றிதழ் கேட்கவில்லை. யாரைப் பின்தொடர்கிறோம், எந்தக் காட்சியில் எத்தனை நொடி நிற்கிறோம் என்பதை வைத்து அதுவே பிரித்துக்கொடுத்துவிடுகிறது. வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும், உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கையில் கட்டிய கயிற்றை ஆசிரியர் அவிழ்க்கச் சொல்லலாம். அதே நிறங்கள் இன்ஸ்டாகிராம் முகப்பில் பெயருக்குப் பக்கத்தில் இதயங்களாக நிற்கின்றனவே, அதை யார் அவிழ்ப்பது?

வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது கோகுல்ராஜ் வழக்கு. ஓமலூரைச் சேர்ந்த, பொறியியல் படித்த அந்த இளைஞர் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தோழியோடு போனபோது கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. இப்போது எங்களிடம் படிப்பவர்களுக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. நம் பக்கத்து ஊரில் நடந்த கொலை, பாதிப் பேருக்கு விவரம் தெரியவில்லை. ஆனால் அந்த வழக்கின் முதல் குற்றவாளியை இரண்டு மூன்று பேர் ரீல்ஸ் வழியாக அறிந்திருந்தார்கள், வீரராக.

அந்த வீரப்பட்டம் எப்படி வந்தது என்பதே ஒரு பாடம். தலைமறைவாக இருந்த மாதங்களில் அவர் வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவுகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தார். போலீஸ் தேடிய ஆளின் குரல் ஊரெல்லாம் போனில் கேட்டது. அதே வழக்கில் இன்னொரு பதிவும் உண்டு: கோயிலின் சிசிடிவி காட்சி. அதில் வசனம் இல்லை, பின்னணி இசை இல்லை. முக்கிய சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தபோதும் அந்தக் காட்சி பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. முதல் குற்றவாளியின் தண்டனையை 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

இங்கேதான் கல்லூரிகள் செய்யும் காரியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதியைச் சொல்லித் திட்டிய பதிவு ஒன்று வந்து, பாதிக்கப்பட்ட மாணவர் அலுவலகத்துக்குப் போனால், இரண்டு பேரையும் கூப்பிட்டு, அங்கேயே பதிவை அழிக்கச் சொல்லி, கைகுலுக்க வைத்து அனுப்பிவிடுகிறார்கள். சமாதானம் செய்துவைத்ததாக அவர்களுக்கு நிம்மதி. அழிந்தது குற்றத்தின் தடயம். ஆறு மாதம் கழித்து அதே ஆள் கை ஓங்கும்போது, முன்பே மிரட்டினான் என்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆகவே பாடத்திட்டத்தில் இல்லாத சிலவற்றை நடத்தினோம். இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பார்த்தவுடன் கணக்கின் பெயர், தேதி, நேரம், இணைப்பு எல்லாம் தெரியும்படி திரையைப் பதிவு செய்ய வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழையும் கேட்கிறது. அதில் 'ஹாஷ்' எண்ணையும் குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடுகிற எண் அது. எனவே, பதிவான போனையே பத்திரமாக வைத்திருப்பது நல்லது. சனி, ஞாயிறுகளில் விசைத்தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் வேலைக்குப் போய்ப் போன் வாங்கும் பிள்ளைகள், பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துத்தான் புதியதை வாங்குகிறார்கள். வழக்கும் சேர்ந்தே கடைக்குப் போய்விடுகிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில், பொதுப் பார்வையில் இழிவுபடுத்துவதும், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும், எழுத்தாலோ படத்தாலோ பகையைத் தூண்டுவதும் குற்றங்கள். இணையத்தில் ஏற்றிய வீடியோவும் பொதுப் பார்வையில் உள்ளதுதான் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்கிறது 18ஏ பிரிவு. 14566 என்ற உதவி எண் வகுப்பில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு மாணவி சொன்னார்: "சார், அத அழிச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருதுங்க. நீங்க வெச்சிருக்கச் சொல்றீங்களே."

எந்தச் சட்டப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. தன்னைப் பற்றி எழுதிய அசிங்கத்தைத் தன் போனிலேயே சுமந்துகொண்டு திரியச் சொல்வது சின்ன விஷயமா? பெண் பிள்ளைகளுக்குக் கூடுதல் பயம், வீட்டில் பார்த்துவிட்டால் போனைப் பிடுங்கி, படிப்பையும் நிறுத்திவிடுவார்களோ என்று. அதை அவர் தனியாகச் சுமக்கக் கூடாது என்பதுதான் எங்கள் எண்ணம். புகார் வந்த அன்றே பிரதி எடுத்து, தேதியிட்டு, கையெழுத்திட்டுக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அதன் பிறகு அந்த உரையாடலை அவர் திறந்தே பார்க்க வேண்டியதில்லை. ராகிங் புகாருக்குக் குழு வைத்திருக்கிற கல்லூரிகளுக்கு இது புதிய வேலை அல்ல.

எழுதுவதை விட்டுவிடச் சொல்லவில்லை. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியபோது அது அவருடைய சொந்தப் பத்திரிகை. இன்று நம் பிள்ளைகள் நடத்தும் பக்கங்கள் பட்டா இல்லாத இடத்தில் கட்டிய வீடுகள். நூறு பேர் சேர்ந்து 'ரிப்போர்ட்' அடித்தால் ஒரே இரவில் முடங்கிப்போகலாம். போட்டதற்கெல்லாம் வேறோர் இடத்தில் பிரதி வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்: விளம்பர வருவாய் அலகிலிருந்து நான்கு மணி நேரத்தைக் குறைத்து, மின்னணுச் சான்றுக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கும் தர வேண்டும் என்று. இதே தாளை நடத்தும் மற்ற கல்லூரி ஆசிரியர்களும் எழுதினால், அந்தக் கடிதம் எங்கள் இரண்டு பேருடையதாக மட்டும் இருக்காது.