மறந்தால் பூக்காது

கலிபோர்னியாவில் தோட்டக்கலைக் கூட்டம் எங்கே நடந்தாலும் ஒருவர் மேடையேறி அதே வசனத்தைச் சொல்லிவிட்டு இறங்குவார்: “நாட்டுச் செடியை நடுங்கள், மறந்துவிடுங்கள். தண்ணீர் வேண்டாம், செலவு இல்லை, எந்த மண்ணிலும் வளரும். ஹம்மிங் பறவை தானாக வரும்.” 2015 வறட்சியில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நகரங்களின் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்க உத்தரவு போட்டார். வீட்டுக்கு வீடு புல்தரையைப் பெயர்த்தார்கள். அன்று இந்த வசனத்துக்குத் தொடங்கிய கைதட்டல் இன்னும் ஓயவில்லை. சான் ஹோசேயில் தோட்டம் வைத்திருக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

“எந்த மண்ணிலும் வளரும்.” களிமண் பாத்தியில் ஒரு மழைக்காலம் வைத்துப் பார்க்கட்டும்.

“செலவு இல்லை.” நர்சரி பில் இவர்கள் கைக்கு வந்ததில்லை போலும்.

“தண்ணீர் வேண்டாம்.” எந்தச் செடிக்கு? மலைச்சரிவில் விதையாக விழுந்து, முளைத்த நாளிலிருந்து வேரைக் கீழே கீழே இறக்கிய செடிக்கு வேண்டாம். நர்சரியில் வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்து, தொட்டிக்குள்ளேயே வேர் சுருண்டு கிடக்கும் செடிக்கு? ஃபூஷியா கூஸ்பெர்ரியையே எடுத்துக்கொள்வோம். எங்கள் சான்டா கிளாரா கவுண்டி தொடங்கித் தெற்கே பாஹா கலிபோர்னியா வரை தானாக வளரும் முட்புதர் அது. ஜனவரியிலிருந்து மே வரை கொம்பு நெடுகச் சிவப்புப் பூக்கள் ஜிமிக்கி மாதிரி வரிசையாகத் தொங்கும். ஏப்ரலில் நர்சரிக்குப் போகிறவர் அதைப் பார்த்து மயங்குவார், வாங்குவார், நடுவார், மேடையில் சொன்னபடி மறப்பார். இங்கே கோடையில் மழை என்பதே அநேகமாகக் கிடையாது. வேர் அக்கம்பக்கத்து மண்ணுக்குள் இறங்கும் முன்பே தொட்டி மண் காய்ந்து கட்டியாகிவிடும். நட வேண்டியது அக்டோபர், நவம்பரில், முதல் மழையை ஒட்டி. அப்படி நட்டாலும் முதல் ஒன்றிரண்டு கோடைக்கு மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால் ஊற்றத்தான் வேண்டும்.

“மறந்துவிடலாம்.” எனக்கு எரிச்சல் தலைக்கேறுவது இங்கேதான். இந்த ஊரில் தோட்டத்தை மறக்கிறவர் தண்ணீரையா நிறுத்துகிறார்? டைமரைப் போட்டுவிட்டு மறக்கிறார்! புல் போன பிறகும் புல்லுக்கு வைத்த கணக்கில் விடியற்காலையில் குழாய் தானாகத் திறக்கும், தானாக மூடும். வேர் பிடித்த கூஸ்பெர்ரியோ கோடை வந்ததும் இலையை உதிர்த்துவிட்டு முள்ளும் குச்சியுமாக நிற்கும். வறட்சியைத் தாண்ட அதற்குத் தெரிந்த வழி அதுதான். அதைப் பார்த்ததும் மறதிக்காரருக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிடும். செடி செத்துக்கொண்டிருக்கிறது என்று பதறி, டைமரில் பத்து நிமிடம் கூட்டுவார். சூடான மண்ணில் ஈரம் தங்கினால் வேரழுகலுக்குக் கொண்டாட்டம். ஆகஸ்டில் குச்சியை நகத்தால் லேசாகக் கீறினால் பட்டைக்கடியில் பச்சை தெரியும்; செடி தூங்குகிறது, அவ்வளவுதான். மண்ணை ஒட்டிய தண்டு கறுத்து, அழுத்தினால் மெத்தென்று உள்ளே போனால் கதை முடிந்தது. இதைத் தெரிந்துகொள்ளக் குனிய வேண்டும். மறந்தவர் எங்கே குனிவார்? நீலப் பூ சியனோதஸும், மஞ்சள் பூ ஃபிளானல் புஷ்ஷும் இதே கோடைத் தண்ணீரில்தான் போய்ச் சேருகின்றன. தாகத்தில் செத்தவற்றுக்காவது அனுதாபம் கிடைக்கிறது. இவற்றுக்குக் கிடைப்பது, “நாட்டுச் செடி நமக்குச் சரிப்படாது” என்ற தீர்ப்பு மட்டும்தான்.

“ஹம்மிங் பறவை தானாக வரும்.” வரும், மறுக்கவில்லை. அன்னா ஹம்மிங் பறவை இங்கே வருடம் முழுக்க இருப்பது. குளிர்காலத்திலேயே கூடு கட்டத் தொடங்கிவிடும். ஜனவரியில் பூக்கும் புதர் அதற்கு நல்ல தீனிதான். ஆனால் குஞ்சை வெறும் தேனால் வளர்க்க முடியாது. பொடிப்பூச்சியும் சிலந்தியும் பிடித்து ஊட்ட வேண்டும். கூட்டை இழுத்துப் பிணைப்பதும் சிலந்தி நூலால்தான். கவனிப்பு வேண்டாம் என்று முழங்குகிறவர்கள், இலையில் அசுவினி தெரிந்தால் மட்டும் எங்கிருந்தோ ஸ்பிரே பாட்டிலோடு வந்துவிடுகிறார்கள். கூஸ்பெர்ரி தூங்கும் ஆகஸ்டில் அந்தப் பறவை எதைக் குடிக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. கலிபோர்னியா ஃபூஷியா என்ற இன்னொரு செடி பூக்கத் தொடங்குவது அப்போதுதான். அதையும் பக்கத்தில் நட்டு வைக்க, எது எப்போது பூக்கிறது என்று நினைவில் வைத்திருக்கும் ஆள் வேண்டும்.

அந்தச் சிரமம் வேண்டாம் என்பவர்களுக்குக் கடையில் செயற்கைப் புல் இருக்கிறது. அதை எத்தனை வருடம் மறந்தாலும் சாகாது.