ஊராட்சி வாசலில் நின்றுவிட்ட இணையம்

வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்க விரும்புவோருக்குச் சந்தை வழங்கும் அறிவுரை எளிமையானது. நிறுவனங்களின் திட்டங்களை ஒப்பிட்டுப் பாருங்கள், வேகத்தையும் கட்டணத்தையும் சீர்தூக்குங்கள், பிறகு தேர்ந்தெடுங்கள் என்கிறது அது. ஒரே தெருவுக்குள் நான்கைந்து நிறுவனங்களின் கம்பிகள் நுழையும் பெருநகரில் இந்த அறிவுரைக்குப் பொருள் உண்டு. ஒரேயொரு செல்பேசிக் கோபுரத்தின் எல்லையோரத்தில் இருக்கும் சிற்றூரில், மின்வெட்டு நீடித்தால் அந்தக் கோபுரமும் அணைந்துவிடும் சூழலில், தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? கிடைப்பதை ஏற்றுக்கொள்வது அல்லது ஒன்றும் இல்லாமல் இருப்பது என்பதே அங்குள்ள ‘நுகர்வோர் தேர்வு’.

கிராமத்து வீட்டில் இணையம் நம்பகமாக இயங்குமா என்பதை மூன்று கேள்விகள் முடிவு செய்கின்றன. கண்ணாடி இழைக் கம்பி எதுவரை வந்திருக்கிறது? அது யாருக்குச் சொந்தமானது? அறுந்தால் சரிசெய்ய ஆள் இருக்கிறாரா? இம்மூன்றில் எதற்கும் அந்தக் குடும்பத்திடம் விடை இல்லை. விடை ஒன்றிய அரசின் கொள்கையில் இருக்கிறது.

கூலிக்கும் ரேசனுக்கும் சிக்னல்

இணையம் என்பது நகரத்து நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு வசதி என்ற எண்ணம் இடதுசாரி இயக்கத்திற்குள்ளும் சிலரிடம் இன்னும் மிச்சமிருக்கிறது. நடைமுறை அந்த எண்ணத்தைக் கடந்து வெகுதூரம் சென்றுவிட்டது. ஊரக வேலை உறுதித் திட்டத் தொழிலாளர்களின் வருகையைச் செயலி வழியாக, நாளொன்றுக்கு இரண்டு முறை புகைப்படத்துடன் பதிவு செய்வதை 2023 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. பணித்தளத்தில் சிக்னல் இல்லையெனில் புகைப்படம் ஏறாது. புகைப்படம் ஏறாவிட்டால் அன்றைய உழைப்பு கணக்கில் வராது. நியாயவிலைக் கடையில் கைரேகைக் கருவி இணைப்பின்றி நிற்கும்போது அரிசி வாங்க வந்தவர் மறுநாள் மீண்டும் வர வேண்டியிருக்கிறது; அவர் இழப்பது ஒருநாள் கூலி. கல்வி உதவித்தொகை, நுழைவுத்தேர்வு விண்ணப்பம், விவசாயிகளுக்கான உதவித்தொகை, ஓய்வூதியர் வாழ்நாள் சான்று என ஒவ்வொன்றாக இணையத்திற்கு நகர்த்தப்பட்டுவிட்டன.

சேவையை இணையத்திற்கு மாற்றிய வேகத்தில் இணையத்தைக் கிராமத்திற்குக் கொண்டுவரவில்லை என்பதே இந்த ‘டிஜிட்டல் இந்தியா’வின் அடிப்படை முரண்பாடு. 2017-18இல் தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, ஊரகக் குடும்பங்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்கே இணைய வசதி இருந்ததாகக் காட்டியது. நகரத்தில் அது 42 சதவீதம். இந்த நிலையில்தான் 2020இல் பெருந்தொற்று வந்தது, பள்ளிகள் கைபேசித் திரைக்குள் சென்றன. ஏழைக் குழந்தைகளின் கல்வியில் அப்போது விழுந்த பள்ளம் இன்னும் மூடப்படவில்லை.

கல்விக்கான உரிமையின் ஒரு பகுதியே இணைய அணுகல் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையுடன் பிணைந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கூறியது. உரிமை என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டதை ஒன்றிய அரசு இன்னமும் விற்பனைச் சரக்காகவே நடத்துகிறது.

கம்பியும் காற்றலையும்

இந்திய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி, 2025 மார்ச் இறுதியில் நாட்டில் சுமார் 94 கோடி அகன்ற அலைவரிசை இணைப்புகள் இருந்தன. அரசு பெருமையுடன் மேற்கோள் காட்டும் எண் இது. இவற்றில் கம்பி வழி இணைப்புகள் நான்கு கோடி சொச்சம் மட்டுமே. மற்றவை ஏறத்தாழ அனைத்தும் செல்பேசி இணைப்புகள். அதே காலத்தில் நூறு பேருக்கு எத்தனை தொலைபேசி இணைப்புகள் என்ற அளவு நகரத்தில் 130ஐத் தாண்டியிருந்தது. கிராமத்தில் 59 அளவிலேயே நின்றது.

செல்பேசி இணைப்பும் வீட்டு இணைப்பும் ஒன்றல்ல. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதன் கீழுள்ள அனைவரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். மாலை ஏழு மணிக்கு எல்லோரும் பயன்படுத்தத் தொடங்கியதும் ஒவ்வொருவரின் பங்கும் சுருங்குகிறது. நாளுக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி என்ற வரம்புக்குள் இரண்டு பிள்ளைகளின் வகுப்பும் ஒரு விண்ணப்பமும் முடிந்தால் அதுவே அதிர்ஷ்டம். தனியார் நிறுவனங்கள் இப்போது ஊரகத்தில் விற்கும் 5ஜி வழி ‘கம்பியில்லா வீட்டு இணைப்பு’களும் கோபுரத்தையே நம்பியிருப்பவை. கண்ணாடி இழையில் இந்த நெரிசல் மிகக் குறைவு. தொலைவாலும் மழையாலும் அதன் வேகம் தேய்வதில்லை.

எனவே வாய்ப்புள்ள ஊரில் இணைப்பு வாங்கும் குடும்பம் விளம்பரத்தில் உள்ள உச்சவேகத்தைப் பார்ப்பதில் பயனில்லை. கண்ணாடி இழை கிடைக்குமானால் அதுவே முதல் தேர்வு. மாலை நேரத்தில் வேகம் எப்படி என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்பது, கம்பி அறுந்தால் எத்தனை நாளில் யார் வந்து சரிசெய்வார் என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது, எவ்வளவு பயன்பாட்டுக்குப் பிறகு வேகம் குறைக்கப்படும் என்று அறிவது, மின்சாரம் நின்றாலும் இணைப்புப் பெட்டி இயங்கச் சிறு மின்கலம் வைத்துக்கொள்வது ஆகியவை பயன் தரும். செல்பேசி இணைப்பையே நம்ப வேண்டிய ஊரில், நிறுவனங்கள் தங்கள் சேவை எல்லையை வரைபடமாக இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்ற டிராயின் 2024 விதிமுறை ஓரளவு உதவும்.

அந்த விதிமுறையே ஊரகம் எவ்வாறு பார்க்கப்படுகிறது என்பதையும் காட்டிவிடுகிறது. ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்திற்கு மேல் சேவை முடங்கினால் வாடிக்கையாளருக்குக் கட்டணத் தள்ளுபடியோ, திட்டக் கால நீட்டிப்போ தர வேண்டும் என்கிறது அது. அளவுகோல் மாவட்டம். ஒற்றைக் கோபுரத்தை நம்பியிருக்கும் மலைக்கிராமம் ஒரு வாரம் துண்டிக்கப்பட்டாலும் அந்த அளவுகோலின் கண்ணில் படாது.

பதினான்கு ஆண்டுக் காத்திருப்பு

கிராமங்களுக்குக் கண்ணாடி இழையைக் கொண்டுசெல்லும் திட்டத்திற்குக் குறைவில்லை. தேசிய கண்ணாடி இழை வலையமைப்புக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 2011 அக்டோபரில். சுமார் 20,000 கோடி ரூபாயில் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை 2013க்குள் இணைப்பதாகச் சொல்லப்பட்டது. மோடி அரசு அதற்கு ‘பாரத்நெட்’ என்று பெயர் மாற்றியது. முதல் ஒரு லட்சம் ஊராட்சிகள் எட்டப்பட்டது 2017 இறுதியில்தான். 2022க்குள் ஒவ்வொரு குடிமகனுக்கும் விநாடிக்கு 50 மெகாபிட் வேகம் என்று 2018இன் தேசிய டிஜிட்டல் தகவல் தொடர்புக் கொள்கை அறிவித்தது. 2020 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர், 1,000 நாட்களில் ஆறு லட்சம் கிராமங்களுக்கும் கண்ணாடி இழை வரும் என்றார்.

அடுத்த ஆண்டே 16 மாநிலங்களில் இப்பணியைத் தனியார் கூட்டாண்மைக்கு விட அமைச்சரவை முடிவு செய்தது. அதற்காக 19,041 கோடி ரூபாய் வரை அரசு இடைவெளி நிதியாகத் தருவதாகச் சொல்லியும் ஒப்பந்தம் கைகூடவில்லை. லாபம் தராத கிராமத்திற்கு மூலதனம் தானாக வராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பிரதமர் சொன்ன ஆயிரம் நாள் 2023 மே மாதத்தில் முடிந்தது. அந்த ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம் ஒப்புதல் பெற்றது. பணி மீண்டும் பொதுத்துறையான பிஎஸ்என்எல் பொறுப்புக்கே வந்தது.

சுமார் 2.14 லட்சம் ஊராட்சிகள் ‘சேவைக்குத் தயார்’ என்று அரசு நாடாளுமன்றத்தில் கூறுகிறது. சேவைக்குத் தயார் என்றால் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பெட்டி பொருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் இருக்கிறதா, சாலை விரிவாக்கத்தில் பொக்லைன் அறுத்த கம்பி ஒட்டப்பட்டதா, அலுவலகத்திலிருந்து ஐந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் குடியிருப்புக்கு, குறிப்பாகத் தலித் குடியிருப்புக்கும் பழங்குடிக் குடியிருப்புக்கும், அது நீண்டதா என்ற கேள்விகளை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. முதற்கட்டக் கம்பிகள் ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து நேர்கோட்டில் போடப்பட்டவை. நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கப்பால் உள்ள ஊர்கள் இருளும். மாற்றுவழி தரும் வளைய அமைப்பு இப்போதுதான் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது.

பணமில்லை என்று சொல்ல வழியில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் ஐந்து சதவீதம் ஊரகச் சேவைக்கென 2002 முதல் வசூலிக்கப்படுகிறது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அந்த நிதியத்திற்கு ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று புதிய பெயர் சூட்டியது. வசூலான தொகையில் பெரும்பங்கு ஆண்டுக்கணக்கில் செலவிடப்படாமல் கிடந்ததே கடந்தகால வரலாறு.

பலவீனமாக்கப்பட்ட பொதுத்துறை

தனியாரை நம்பியிருப்பதன் ஆபத்தைத் தமிழ்நாட்டு மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 தொடக்கத்தில் ஏர்செல் திவாலானபோது அதன் வாடிக்கையாளர்கள் ஒரே இரவில் தொடர்பற்றுப் போயினர். இன்று செல்பேசிச் சந்தையின் 70 சதவீதத்திற்கு மேல் ஜியோ, ஏர்டெல் ஆகிய இரு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தின. உயர்த்தாதது பிஎஸ்என்எல் மட்டுமே.

அந்த பிஎஸ்என்எல்லை ஒன்றிய அரசு நடத்திய விதம் தெரிந்ததே. தனியார் 4ஜி சேவையில் வேரூன்றி 5ஜிக்குப் போன பிறகும் பொதுத்துறைக்கு 4ஜி கிட்டவில்லை. 2020இல் அதன் 4ஜி ஒப்பந்தப்புள்ளி ரத்துசெய்யப்பட்டு, உள்நாட்டுக் கருவிகளையே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. தனியாருக்கு அந்த நிபந்தனை இல்லை. நாடு தழுவிய 4ஜி தொடக்க விழா நடந்தது 2025 செப்டம்பர் 27 அன்று. இதற்கிடையில் விருப்ப ஓய்வு என்ற பெயரில் 78,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் 2020 ஜனவரி இறுதியில் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டனர். கம்பியின் ஒவ்வொரு இணைப்பையும் அறிந்திருந்த கைகள் அவை.

இந்த வெற்றிடத்தைச் செயற்கைக்கோள் இணையம் நிரப்பும் என்று இப்போது சொல்லப்படுகிறது. எலான் மஸ்க்கின் ஸ்டார்லிங்க் நிறுவனம் 2025இல் உரிமம் பெற்றது. ஜியோவும் ஏர்டெல்லும் அதனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. கம்பி செல்ல முடியாத மலைகளுக்கும் தீவுகளுக்கும் செயற்கைக்கோள் பயன்படும். அதற்காக ஊரக இந்தியாவின் தகவல் தொடர்பையே அமெரிக்கத் தனிமனித ஏகபோகத்திடம் ஒப்படைக்க வேண்டிய தேவை இல்லை.

கேரளம் காட்டிய வழி

மாற்று சாத்தியம் என்பதற்குக் கேரளம் சான்று. இணையத்தை அடிப்படை உரிமையாக அறிவித்த இடது ஜனநாயக முன்னணி அரசு, 2023 ஜூன் 5 அன்று கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கியது. மாநில மின்வாரியத்தின் மின்கம்பங்கள் வழியாகவே கண்ணாடி இழை இழுக்கப்பட்டது. 30,000 அரசு அலுவலகங்களை இணைப்பதும், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணமின்றி இணைப்பு தருவதும் இலக்கு. மற்றவர்களுக்கான தொடக்கத் திட்டம் மாதம் 299 ரூபாய், வேகம் 20 மெகாபிட். வீடு வரையிலான கடைசிப் பகுதியில் உள்ளூர் கேபிள் இயக்குநர்கள் இணைத்துக்கொள்ளப்பட்டனர்; சிறு தொழில் அழியாமல் பொதுக் கட்டமைப்பு விரிந்தது.

இத்திட்டமும் குறையற்றதல்ல. முதற்கட்டமாகத் தொகுதிக்கு நூறு வீதம் 14,000 குடும்பங்களை இணைப்பதிலேயே தாமதம் ஏற்பட்டது. 20 லட்சம் என்ற இலக்கு தொலைவில் இருக்கிறது. மாநிலத்தின் கடன் வாங்கும் உரிமையை ஒன்றிய அரசு நெரிக்கும் சூழலில் இதை மாநில வளத்தால் மட்டும் முடிக்க இயலாது. எனினும், யாருக்கு முதலில் தருவது என்பதை லாபம் தீர்மானிக்கவில்லை என்பதே இதன் அரசியல் முக்கியத்துவம்.

முழக்கம் மட்டும் போதாது

பொதுத்துறையைக் காப்போம் என்ற முழக்கத்தை இடதுசாரிகள் நீண்டகாலமாக எழுப்பிவருகின்றனர். அறுந்த கம்பி பத்து நாள் கிடக்கும் வீட்டில் அந்த முழக்கம் எடுபடாது. பழுதை நீக்க வரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கே மாதக்கணக்கில் ஊதிய நிலுவை இருந்தால் சேவை எப்படி மேம்படும்? தொழிலாளியின் நிரந்தரப் பணியும் வாடிக்கையாளரின் நம்பகமான இணைப்பும் ஒரே கோரிக்கையின் இரு பக்கங்கள். தொலைத்தொடர்பு ஊழியர் சங்கங்களும் விவசாயிகள், விவசாயத் தொழிலாளர் அமைப்புகளும் இக்கோரிக்கையில் இணைந்து நிற்கும்போதுதான் அது வெகுமக்கள் கோரிக்கையாகும்.

கிளைகள் செய்யக்கூடிய பணி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்திற்குச் சென்று பாரத்நெட் பெட்டி இயங்குகிறதா என்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கான பணி மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருப்பதால் கேள்வியை அங்கும் எழுப்பலாம். பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், நியாயவிலைக் கடை, நூலகம் ஆகியவற்றுக்கு முதலில் இணைப்பு, வறுமையில் உள்ள குடும்பங்களுக்குக் கட்டணமற்ற இணைப்பு, பழுது நீக்கக் காலவரம்பு, சிக்னல் இல்லாத இடத்தில் கூலியும் ரேசனும் மறுக்கப்படக் கூடாது என்ற உத்தரவாதம் ஆகியவற்றைக் கிராமசபைத் தீர்மானமாக்கலாம்.

மின்சாரம் கிராமத்திற்குச் சந்தையால் வரவில்லை. மின்வாரியங்களும் பொதுமுதலீடும் இழுத்துவந்தன. பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் தொங்கும் அந்தக் கம்பியை அடுத்த தெருவுக்கு இழுக்கப்போவதும் அவ்வாறான பொதுமுதலீடுதான். அதற்கான அழுத்தம் கிராமசபையிலிருந்தே தொடங்க வேண்டும்.