கழற்றிய மூடியும் 'கவனக்குறைவு' என்ற பொய்யும்

மும்பைப் பட்டறைகளில் விரல் போனாலும் கண் போனாலும் சேட் சொல்வது ஒரே வார்த்தை: கவனக்குறைவு. நம்மூர் மேஸ்திரியும் அதையே தமிழில் சொல்கிறார். சாக்கி நாக்காவிலும் குர்லாவிலும் கேட்டும் கிரில்லும் செய்கிற நம் பிள்ளைகள் கவனமில்லாதவர்களா? நாள் முழுதும் நூல் பிசகாமல் இரும்பு அறுக்கிறவனுக்கா கவனம் இல்லை?

இட்லிக்கு மாவு அரைக்கும் கிரைண்டரை நினைத்துவிட வேண்டாம், தாய்மார்களே. நாம் பேசுவது பட்டறையில் 'ஏ.ஜி. 4' என்று சொல்லும் 4 அங்குலக் கை மெஷினைப் பற்றி. நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று. சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வந்தே பாரத் வண்டியைக்கூடப் பயணிகளோடு 160-க்கு மேல் ஓட்டுவதில்லை. அந்த வேகத்தில் வீல் உடைந்தால் துண்டு எங்கே போகும்? மூடி இருந்தால் மூடியில் படும். இல்லையென்றால் முகத்தில் படும்.

அந்த மூடி மெஷினோடு பெட்டியிலேயே வருகிறது. தனிக் காசு இல்லை. பிறகு ஏன் கழற்றினார்கள்? 7 அங்குல வீலை 4 அங்குல மெஷினில் மாட்டுவதற்கு! துளை பொருந்தாது, அதற்கு ஒரு வாஷரைச் செருகு. மூடி இடிக்கும், அதைக் கழற்றி எறி. பெரிய மெஷின் வாங்கும் காசு சேட்டுக்கு மிச்சம். 7 அங்குல வீலின் மேலே 8,500 சுற்று என்று அச்சடித்திருக்கிறது. அதை 11,000-இல் ஓட்டினால் வேகம் நூற்றுக்கு 30 தான் கூடுகிறது; வீலைப் பிளக்கும் விசையோ நூற்றுக்கு 67 கூடுகிறது. இதற்குப் பெயர் கவனக்குறைவா, கணக்கா? மரம் அறுக்கும் பல் பிளேடை இதில் மாட்டச் சொல்வதும் அதே கணக்குதான். பல் மரத்தில் மாட்டியதும் மெஷின் பிடித்தவனின் மேலேயே திரும்பும்.

வீல் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கு என்கிறோம். பிளக் இருந்தால்தானே பிடுங்க! இரண்டு ஒயரையும் தீக்குச்சி வைத்துச் சாக்கெட்டில் செருகியிருக்கிறார்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்கும் தம்பிகளுக்குச் சொல்கிறோம்: ஓடும்போது கரண்டு போனால் மெஷினின் சுவிட்சு ஆனிலேயே நிற்கும். கரண்டு வந்ததும், கையில் சாவியோடு நட்டைத் திருகிக்கொண்டிருப்பவனின் விரலில் மெஷின் தானே ஓடும். மெஷினின் சுவிட்சையும் அணை, பிளக்கையும் பிடுங்கு. ஓடுகிற வீலை நிறுத்த லாக் பொத்தானை அமுக்காதே. உள்ளே பல் சக்கரம் உடையும். வீல் தானாக நிற்கட்டும்.

மெல்லிய கட்டிங் வீலுக்கு நட்டின் தட்டைப் பக்கம் வீலைப் பார்த்திருக்க வேண்டும். தடித்த வீலுக்கு மேடான பக்கம் துளைக்குள் இறங்க வேண்டும். மாறினால் வீல் ஆடும், அல்லது இறுகாது. மாட்டியதும் ஆள் இல்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓட்டிப் பாருங்கள். கட்டிங் வீலின் பக்கத்தை வைத்துத் தேய்ப்பது கூடவே கூடாது. அது விளிம்பால் அறுக்க மட்டும் செய்தது. வீலின் நடுவில் உள்ள தகர வளையத்தில் காலாவதித் தேதி அடித்திருக்கும். மாத்திரைக்குப் பார்க்கிறோம், இதற்குப் பார்ப்பதில்லை. வீலைப் பிடித்து வைத்திருப்பது பிசின். மும்பை மழையில் ஒழுகும் கூரைக்கடியில் கிடந்தால் அது வலுவிழக்கும். காற்றுத் துளைகளில் இரும்புத்தூள் அடைந்தால் மெஷின் சூடேறும். அந்தத் தூள் வழியாகக் கரண்டு உடம்புக்கும் வரலாம். அன்றன்றைக்கு ஊதி எடுக்க வேண்டும். கார்பன் தேய்ந்து உள்ளே தீப்பொறி பறந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பார் மேஸ்திரி. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசியவர் அல்லவா! ரயில்வேயில் தண்டவாளத்தைக் கழற்றுமுன் சிவப்புக் கொடி நடுகிறார்கள். அதை நேர விரயம் என்று எவரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. வீல் மாற்றும் நேரமும் வேலை நேரமே. அதற்கும் கூலி உண்டு என்று பேசாமல், பாதுகாப்பாக இரு என்று புத்தி மட்டும் சொல்வது ஏமாற்று.

சட்டம் இருக்கிறதே என்பவர்கள் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்விசையோடு 10 பேர் வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்றது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதை 20 ஆக்கியது. எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறை இரண்டிலும் இல்லை! 1923-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை ஒரு கண்ணை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு 40 போனது என்றது, கட்டைவிரலுக்கு 30 என்றது. எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாதவனுக்கு அதையும் யார் கணக்குப் போட்டுக் கொடுப்பது?

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. கண்ணில் இரும்புத்தூள் விழுந்து வந்தால் முந்தானை நுனியால் எடுக்காதீர்கள், தாய்ப்பால் விடாதீர்கள். தேய்க்காமல் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தூள் தங்கினால் கண்ணிலேயே துருப் பிடிக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு மெஷினை, மூலையில் கிடக்கும் மூடியோடும் பக்கக் கைப்பிடியோடும் கொண்டுவாருங்கள். மாட்டிக் கொடுக்கச் சங்கத்தில் பிட்டர் அண்ணன் இருக்கிறார். திங்கட்கிழமை அதைக் கழற்றச் சொல்பவர் யாராக இருந்தாலும், நம்மூர்க்காரராகவே இருந்தாலும், பட்டறையின் பெயரோடு எங்களிடம் வந்து சொல்லுங்கள். நாலு பேராகப் போய்க் கேட்போம்.